மாநில நீதிமன்றத்திலிருந்து ஃபெடரல் நீதிமன்றத்துக்கு: அமெரிக்காவில் வழக்கு இடம் மாறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் வழக்கு ஆவணங்கள் தயாரிப்பது என் வேலை. நான் வழக்கறிஞர் அல்ல. ஆனாலும் கோயில் வாசலிலும் தமிழ்ப் பள்ளி வாகன நிறுத்தத்திலும் நிறுத்திவைத்துக் கேட்பவர்கள் உண்டு. கடையில் வழுக்கி விழுந்தவர், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், வீடு விற்றதில் தகராறு வந்தவர் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். இது பொது விளக்கம் மட்டுமே. உங்கள் வழக்கில் உங்கள் வழக்கறிஞர் சொல்வதுதான் கணக்கு. குற்ற வழக்கு பற்றிய ஒரு கேள்வி நீங்கலாக மற்ற அனைத்தும் சிவில் வழக்குகளைப் பற்றியவை.

ஒரே நாட்டில் எதற்கு இரண்டு வகை நீதிமன்றம்? நம் ஊரில் அப்படி இல்லையே?

இந்தியாவில் முன்சீப் நீதிமன்றம் முதல் உச்ச நீதிமன்றம் வரை ஒரே ஏணி. சட்டம் மத்திய அரசுடையதா மாநில அரசுடையதா என்று பார்த்து நீதிமன்றம் மாறுவதில்லை. அமெரிக்காவில் ஏணிகள் இரண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்த நீதிமன்றங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே ஃபெடரல் அரசின், அதாவது மத்திய அரசின், 94 மாவட்ட நீதிமன்றங்கள், அவற்றுக்கு மேல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் உச்ச நீதிமன்றம்.

மாநில நீதிமன்றம் ஏறக்குறைய எந்த வழக்கையும் எடுத்துக்கொள்ளும். ஃபெடரல் நீதிமன்றம் அப்படியல்ல. அரசியல் சட்டமும் காங்கிரஸும் (அமெரிக்க நாடாளுமன்றம்) அனுமதித்த வகை வழக்குகளை மட்டுமே அது தொட முடியும். அவற்றில் முக்கியமானவை இரண்டு: ஃபெடரல் சட்டத்தின் அடிப்படையில் எழும் வழக்குகள், வெவ்வேறு மாநிலத்தவர்களுக்கு இடையே 75,000 டாலருக்கு மேற்பட்ட தொகைக்கான வழக்குகள். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

"ரிமூவல்" என்று கடிதம் வந்திருக்கிறது. கேஸைத் தள்ளுபடி செய்துவிட்டார்களா?

இல்லை. வழக்கு உயிரோடுதான் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. வாதி மாநில நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கை, பிரதிவாதி அப்படியே ஃபெடரல் நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்வதற்குப் பெயர்தான் ரிமூவல். அமெரிக்காவின் முதல் நீதித்துறைச் சட்டமான 1789-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவிலேயே இந்த உரிமை இருந்தது. அன்றைக்கு வரம்பு 500 டாலர். வெளியூர்க்காரனுக்கு உள்ளூர் நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்குமா என்ற அச்சம்தான் இதற்கு வேர்.

நினைத்த ஊருக்கெல்லாம் கொண்டுபோக முடியாது. மாநில வழக்கு எந்த இடத்தில் நடக்கிறதோ அந்த இடத்தை உள்ளடக்கிய ஃபெடரல் மாவட்டத்துக்குத்தான் போகும். நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள மாநில நீதிமன்றத்தில் போட்ட வழக்கு நியூ ஜெர்சி ஃபெடரல் மாவட்டத்துக்குப் போகும். அதன் நீதிமன்றங்கள் நியூவர்க், டிரெண்டன், கேம்டன் ஆகிய ஊர்களில் இருக்கின்றன. நீங்கள் கலிஃபோர்னியாவுக்கு விமான டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

என்னைக் கேட்காமல், நீதிபதியையும் கேட்காமல் எப்படி மாற்றினார்கள்?

கேட்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த நடைமுறையின் விசித்திரம். இந்தியாவில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 24, 25-ஆம் பிரிவுகளில் மாற்றக் கோரி மனுப் போட்டால், நீதிமன்றம் இரு தரப்பையும் கேட்டு உத்தரவிடும். இங்கே பிரதிவாதி மனுப் போடுவதில்லை, அறிவிப்புக் கொடுக்கிறார். சரியா தவறா என்ற சண்டை வழக்கு மாறிய பிறகுதான் நடக்கும்.

எங்கள் அலுவலகத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். முதலில் அறிவிப்பு எழுதப்படும்: எந்த அடிப்படையில் ஃபெடரல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது என்று சுருக்கமாக, எண்ணிட்ட பத்திகளில். வழக்கறிஞர் கையெழுத்திடுவார், பொய்யான காரணம் எழுதினால் அந்தக் கையெழுத்துக்கு அவர்தான் பொறுப்பு. அதோடு பிரதிவாதிக்கு மாநில நீதிமன்றத்திலிருந்து வந்த சம்மன், வழக்குரை (வாதி தன் கோரிக்கைகளைச் சொல்லும் மனு), உத்தரவுகள் அனைத்தின் நகல்களும் சேரும். இணையவழியில் தாக்கல் செய்து 405 டாலர் கட்டணம் செலுத்த வேண்டும். பிறகு எதிர்த்தரப்புக்கு ஒரு நகல். கடைசியாக, மாநில நீதிமன்றத்தின் எழுத்தருக்கு ஒரு நகல்.

அந்தக் கடைசி நகலை அலட்சியமாக நினைப்பவர்கள் அதிகம். அது தாக்கலான கணத்திலிருந்து மாநில நீதிமன்றம் அந்த வழக்கில் ஒரு அடிகூட எடுத்துவைக்கக் கூடாது. போர்ட்டோ ரிக்கோவில் சான் ஹுவான் கத்தோலிக்க மறைமாவட்டம் தொடர்பான ஓய்வூதிய வழக்கு 2018-இல் ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. அது திரும்பி வருவதற்கு முன்பே உள்ளூர் நீதிமன்றம் பணம் கட்டவும் சொத்தைப் பறிமுதல் செய்யவும் உத்தரவிட்டது. அதிகாரம் இல்லாத நேரத்தில் போட்ட உத்தரவுகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. பின்தேதியிட்டுச் சரிசெய்யும் முயற்சியும் எடுபடவில்லை.

நான்தான் வழக்குப் போட்டேன். இப்போது ஃபெடரல் நீதிமன்றமே மேல் என்று தோன்றுகிறது. நான் மாற்றலாமா?

முடியாது. இது பிரதிவாதிக்கு மட்டும் உள்ள உரிமை. நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு முதல் நாளே இருந்தது, அதைப் பயன்படுத்திவிட்டீர்கள். பிரதிவாதி உங்கள் மீது எதிர்க்கோரிக்கை எழுப்பினால்கூட நீங்கள் பிரதிவாதி ஆகிவிடுவதில்லை என்று 1941-இலேயே ஷாம்ராக் ஆயில் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. எதிர்க்கோரிக்கை மூலம் புதிதாக இழுத்துவரப்பட்ட மூன்றாம் நபருக்கும் இந்த உரிமை கிடையாது என்று 2019-இல் ஹோம் டிப்போ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும்? எனக்கு மின்னஞ்சலில் நகல் வந்து ஒரு மாதமாகிவிட்டதே?

முப்பது நாள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்த எண்ணை வையுங்கள். வழக்குரையும் சம்மனும் முறைப்படி சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அறிவிப்புத் தாக்கலாக வேண்டும். "பேச்சுவார்த்தை நடக்கிறது, முடியட்டும்" என்று காத்திருந்து நாளைக் கோட்டைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தொலைபேசியில் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் நாள்காட்டி நிற்பதில்லை.

உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் 1999-ஆம் ஆண்டு மர்ஃபி பிரதர்ஸ் வழக்கில் இருக்கிறது. வாதி மரியாதைக்காக வழக்குரையின் நகலைத் தொலைநகலில் அனுப்பினார்; சம்மன் பிறகுதான் சேர்ந்தது. வெறும் நகல் வந்ததால் கடிகாரம் ஓடத் தொடங்காது, முறைப்படியான சேர்ப்பு நடந்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மின்னஞ்சலுக்கும் அதே தர்க்கம்தான். ஆனால் நீங்களே கையெழுத்திட்டு "பெற்றுக்கொண்டேன், முறையான சேர்ப்பு வேண்டியதில்லை" என்று ஒப்புக்கொண்டிருந்தால் கதை வேறு. எதில் கையெழுத்திட்டீர்கள் என்று தேடிப் பாருங்கள்.

கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலைநாள் வரை நேரம் உண்டு.

பிரதிவாதிகள் மூன்று பேர். நான் மட்டும் மாற்றிவிடலாமா?

முறைப்படி சம்மன் சேர்ந்த எல்லாப் பிரதிவாதிகளும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தால் முடிந்தது. இன்னும் சம்மன் சேராதவரின் சம்மதம் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் சம்மன் சேர்ந்த நாளிலிருந்து தனித்தனியாக 30 நாள் ஓடும். 2011-இல் சட்டம் திருத்தப்பட்டபோது இந்தக் குழப்பம் தீர்ந்தது. கடைசியாகச் சம்மன் பெற்றவர் அறிவிப்புக் கொடுத்தால், காலம் கடந்துவிட்ட மற்றவர்களும் அதில் சேர்ந்துகொள்ளலாம்.

மாற்றியாகிவிட்டது. இனி பதில் தாக்கல் செய்ய நிதானமாக நேரம் இருக்கிறதுதானே?

இல்லை. வழக்குரையோ சம்மனோ கிடைத்து 21 நாள், அல்லது மாற்ற அறிவிப்பு தாக்கலாகி 7 நாள், இவற்றில் எது பிந்தி வருகிறதோ அதுவே கெடு. முப்பதாவது நாள் மாற்றியவருக்கு 21 நாள் ஏற்கெனவே போய்விட்டது. கையில் இருப்பது ஒரு வாரம்தான்.

என் வழக்கில் ஃபெடரல் சட்டம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாதியின் வழக்குரையை மட்டும் எடுத்துப் படியுங்கள். அவர் எந்தச் சட்டத்தின் கீழ் நிவாரணம் கேட்கிறார்? மிகைநேர ஊதியம் தரவில்லை என்று ஃபெடரல் தொழிலாளர் சட்டத்தைக் காட்டியிருந்தால் மாற்றலாம். பாகுபாடு காட்டினார்கள் என்று நியூ ஜெர்சி மாநிலச் சட்டத்தை மட்டும் காட்டியிருந்தால், அதே சம்பவத்துக்கு ஃபெடரல் சட்டமும் பொருந்தும் என்றாலும் இந்த அடிப்படையில் மாற்ற முடியாது. எந்தச் சட்டத்தைப் பிடிப்பது என்பது வாதியின் விருப்பம். அதனால்தான் வேலை தொடர்பான வழக்குகளில் வாதி தரப்பு வழக்கறிஞர்கள் ஃபெடரல் சட்டத்தின் பெயரைக்கூட உச்சரிக்காமல் வழக்குரை எழுதுகிறார்கள். அது மறதியன்று, கணக்கு.

பிரதிவாதி தன் தற்காப்புக்கு ஃபெடரல் சட்டத்தை எடுப்பதும் போதாது. இதற்கு மூலமான வழக்கு ஒரு கென்டக்கித் தம்பதியுடையது. 1871-இல் ரயில் மோதலில் காயமடைந்த மாட்லி தம்பதிக்கு, வழக்குத் தொடராமல் இருப்பதற்காக ரயில்வே நிறுவனம் ஆயுள் முழுவதும் இலவசப் பயணம் கொடுத்தது. இலவச பாஸ்களைத் தடைசெய்யும் ஃபெடரல் சட்டம் 1906-இல் வந்ததும் நிறுவனம் பாஸைப் புதுப்பிக்க மறுத்தது. தம்பதி ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வென்றும் விட்டனர். 1908-இல் உச்ச நீதிமன்றமோ, இரு தரப்பும் எழுப்பாத கேள்வியைத் தானே எழுப்பியது: இது வெறும் ஒப்பந்த வழக்கு, ஃபெடரல் சட்டம் நிறுவனத்தின் தற்காப்பில்தான் வருகிறது, எனவே ஃபெடரல் நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை. அவர்கள் மாநில நீதிமன்றத்தில் முதலிலிருந்து தொடங்கி, மறுபடி உச்ச நீதிமன்றம் வரை போய், 1911-இல் தோற்றார்கள்.

"வெவ்வேறு மாநிலத்தவர்" என்றால் என்ன? கடை எங்கள் ஊரில்தானே இருக்கிறது?

கடை இருக்கும் ஊரை வைத்து முடிவாவதில்லை. நிறுவனத்துக்கு இரண்டு ஊர் உண்டு: அது எந்த மாநிலத்தில் பதிவு செய்யப்பட்டதோ அது ஒன்று, அதன் முதன்மை அலுவலகம் இருக்கும் மாநிலம் மற்றொன்று. கலிஃபோர்னியா ஊழியர்கள் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில், கலிஃபோர்னியாவில்தான் அதற்கு அதிக வியாபாரம் என்று வாதிட்டார்கள். தலைமை அதிகாரிகள் உட்கார்ந்து முடிவெடுக்கும் இடம்தான் கணக்கு என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹெர்ட்ஸின் தலைமையகம் அப்போது நம் நியூ ஜெர்சியின் பார்க் ரிட்ஜில் இருந்தது.

எல்.எல்.சி. எனப்படும் வரையறுத்த பொறுப்பு நிறுவனங்களுக்கு இந்த விதி பொருந்தாது. அதன் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் எந்த மாநிலத்தவரோ அத்தனை மாநிலத்தையும் அது சேர்ந்தது. நம்மவர்கள் நடத்தும் உணவகம், பெட்ரோல் நிலையம் எல்லாம் பெரும்பாலும் எல்.எல்.சி.தான். எட்டுப் பங்காளிகளில் ஒருவர் வாதியின் மாநிலத்தவராக இருந்தாலும் இந்த வழி அடைபட்டுவிடும். ஏனென்றால் வாதிகளில் எவரும் பிரதிவாதிகளில் எவருடைய மாநிலத்தையும் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. 1806 முதல் இதுதான் விதி.

வழக்குரையில் தொகையே எழுதவில்லை. 75,000 டாலருக்கு மேல் என்று எப்படிச் சொல்வது?

நியூ ஜெர்சியில் இது அன்றாடத் தலைவலி. காயத்துக்கு இழப்பீடு கேட்கும் வழக்குரையில் குறிப்பிட்ட தொகையை எழுதக் கூடாது என்பது இங்குள்ள நீதிமன்ற விதி; "தகுந்த இழப்பீடு" என்றுதான் இருக்கும். அப்போது பிரதிவாதி தன் அறிவிப்பில் நம்பத்தகுந்த விதத்தில் தொகையைக் குறிப்பிட்டால் போதும். ஆதாரம் இணைக்க வேண்டியதில்லை என்று 2014-இல் டார்ட் செரோகி வழக்கில் சொல்லப்பட்டது. வாதி மறுத்தால்தான் இரு தரப்பும் ஆதாரம் காட்ட, எது அதிகம் நம்பத்தக்கது என்று நீதிபதி பார்ப்பார். மருத்துவமனைப் பட்டியல், அறுவைச் சிகிச்சைப் பரிந்துரை, சமரசத்துக்கு வாதி கேட்ட தொகை எல்லாம் அங்கே பேசும்.

முதலில் தொகை தெளிவாகத் தெரியாமல் பிறகு ஒரு கடிதத்திலோ பதிலிலோ தெரியவந்தால், அந்தத் தாள் கைக்கு வந்த நாளிலிருந்து புதிதாக 30 நாள் கிடைக்கும். வெவ்வேறு மாநிலத்தவர் என்ற அடிப்படையிலான வழக்குகளுக்கு மேல்வரம்பு ஒன்றும் உண்டு: வழக்குத் தொடங்கி ஓராண்டு. வாதி கெட்ட எண்ணத்தோடு உண்மையை மறைத்துவைத்தார் என்று நீதிபதி கண்டால் மட்டும் இந்த ஓராண்டு தளரும்.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பர் கிரீன் கார்டு வைத்திருக்கிறார். நாங்கள் எந்த மாநிலத்தவர்?

நீங்கள் எந்த மாநிலத்தவரும் அல்ல. சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டுக் குடிமகன். அமெரிக்கக் குடிமகன் ஒருவர் உங்கள் மீது 75,000 டாலருக்கு மேல் வழக்குப் போட்டால், நீங்கள் அதே ஊரில் பத்து வருடமாகக் குடியிருந்தாலும், வெளிநாட்டவர் என்ற அடிப்படையில் மாற்றலாம். கிரீன் கார்டு நண்பருக்கு விதி சற்று இறுக்கம்: அவரும் எதிர்த்தரப்பு அமெரிக்கரும் ஒரே மாநிலத்தில் நிலையாக வசிப்பவர்கள் என்றால் அந்த அடிப்படை கிடையாது.

நீங்களும் நண்பரும் ஒருவர் மீது ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டால்? இருவருமே வெளிநாட்டுக் குடிமக்கள். அந்தச் சண்டையை மாநில நீதிமன்றத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

என் மாநிலத்திலேயே என் மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். வாதி வெளி மாநிலத்தவர். மாற்றலாமா?

வெவ்வேறு மாநிலத்தவர் என்பது மட்டுமே அடிப்படை என்றால் முடியாது. பிரதிவாதிகளில் ஒருவராவது வழக்கு நடக்கும் மாநிலத்தவராக இருந்தால் இந்தத் தடை வரும். வெளியூர்க்காரனுக்கான பாதுகாப்பு என்று மேலே சொன்னேன். உங்கள் சொந்த ஊரில் நீங்கள் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதே வாதம். நியூ ஜெர்சிக்காரர் ஃபிலடெல்ஃபியாவில் வழக்குப் போட்டால் பென்சில்வேனியா ஓட்டுநர் மாட்டிக்கொண்டார். அதே வழக்கை நியூ ஜெர்சியில் போட்டிருந்தால் அவர் மாற்றியிருக்கலாம்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சட்டத்தின் வாசகம் "முறைப்படி சேர்க்கப்பட்டு, சம்மன் சேர்ந்த" பிரதிவாதி என்கிறது. ஆகவே பெரிய நிறுவனங்கள் நீதிமன்றத்தின் இணையப் பதிவுகளைக் கண்காணித்து, வழக்குத் தாக்கலான சில மணி நேரத்திலேயே, சம்மன் வந்து சேர்வதற்குள் மாற்றிவிடுகின்றன. நியூ ஜெர்சியை உள்ளடக்கிய மூன்றாவது சர்க்யூட் நீதிமன்றம் 2018-இல் இது செல்லும் என்றது. நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாவது சர்க்யூட் 2019-இல் அதையே சொன்னது. சட்ட வாசகத்தைப் படித்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் வேகமான கணினி வைத்திருப்பவனுக்கு ஒரு நீதி, தபாலுக்குக் காத்திருப்பவனுக்கு ஒரு நீதி என்பது எனக்கு உறுத்துகிறது. காங்கிரஸ் ஒரு வரியைத் திருத்தினால் தீரும் விஷயம்.

கடை நிறுவனத்தோடு உள்ளூர் மேலாளரையும் வழக்கில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பாவம் என்ன செய்தார்?

அநேகமாக ஒன்றும் செய்யவில்லை. அவர் நியூ ஜெர்சிக்காரர் என்பதே அவர் செய்த குற்றம். வாதியும் அவரும் ஒரே மாநிலம் என்பதால் வழக்கு மாற முடியாமல் போகும், அதற்காகத்தான் சேர்த்திருப்பார்கள். அவர் மீது நியாயமான கோரிக்கை எதுவுமே இருக்க முடியாது என்று நிறுவனம் நிரூபித்தால், ஃபெடரல் நீதிபதி அவரைக் கணக்கில் எடுக்காமல் வழக்கை வைத்துக்கொள்ளலாம். இதை நிரூபிப்பது கடினம். "தரை ஈரமாக இருந்ததை மேலாளர் பார்த்தும் துடைக்கவில்லை" என்று ஒரு வாக்கியம் இருந்தாலே பல நீதிபதிகள் வாதியின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். வழக்கு மாறிய பிறகு இப்படி ஒருவரைப் புதிதாகச் சேர்க்க வாதி முயன்றால், அனுமதிப்பதா மறுப்பதா என்பது நீதிபதியின் கையில். அனுமதித்தால் வழக்கு திரும்பிப் போகும்.

நிறுவனங்கள் ஏன் இதற்கு இவ்வளவு பாடுபடுகின்றன? சட்டம் மாறிவிடுமா?

சட்டம் மாறாது. 1938-ஆம் ஆண்டு ஈரி தீர்ப்புக்குப் பிறகு, மாநிலச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கை ஃபெடரல் நீதிபதி விசாரித்தாலும் அந்த மாநிலத்தின் சட்டப்படியேதான் தீர்ப்பளிக்க வேண்டும். மாறுவது நடைமுறை. நியூ ஜெர்சி மாநில நீதிமன்றத்தில் சிவில் ஜூரி ஆறு பேர். ஐந்து பேர் ஒத்துக்கொண்டால் தீர்ப்பு. ஃபெடரல் நீதிமன்றத்தில், தரப்புகள் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், ஜூரி முழுவதும் ஒருமனதாக இருக்க வேண்டும். ஒரே ஒருவரின் தயக்கம் வாதிக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜூரியை ஒரு கவுண்டியிலிருந்து மட்டும் எடுக்காமல் அகன்ற பரப்பிலிருந்து எடுக்கிறார்கள். நிபுணர் சாட்சியத்தை நீதிபதி 1993-ஆம் ஆண்டு டாபர்ட் தீர்ப்பின்படி முன்கூட்டியே சலித்துப் பார்ப்பார். போதுமான விவரம் இல்லாத வழக்குரையைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யக் கேட்பதும் அங்கே எளிது.

இதனால் வழக்கு மாறியவுடன் தோற்றுவிட்டதாக வாதிகள் கலங்குவது வீண். வலுவான வழக்கு அங்கேயும் வலுவானதுதான்.

நான் வாதி. வழக்கைத் திரும்ப மாநில நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும், திருப்பி அனுப்பக் கோரி ஃபெடரல் நீதிபதியிடம் மனுப் போட வேண்டும். இங்கேயும் ஒரு 30 நாள் ஒளிந்திருக்கிறது. கெடு தவறியது, ஒருவர் சம்மதிக்கவில்லை போன்ற நடைமுறைக் குறைகளை அறிவிப்புத் தாக்கலான நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுப்பாவிட்டால் அவை செத்துப்போகும். சொந்த மாநிலப் பிரதிவாதி என்ற தடையையும் பெரும்பாலான சர்க்யூட்கள் இந்தக் கணக்கில்தான் வைக்கின்றன. ஆனால் நீதிமன்றத்துக்கு அடிப்படை அதிகாரமே இல்லை என்பதை இறுதித் தீர்ப்புக்கு முன் எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம். யாரும் எழுப்பாவிட்டால் நீதிபதியே எழுப்புவார், மாட்லி வழக்கில் நடந்ததைப் போல.

நியாயமான அடிப்படையே இல்லாமல் மாற்றியிருந்தால் உங்கள் வழக்கறிஞர் செலவை எதிர்த்தரப்பு கட்டும்படி உத்தரவிடலாம். திருப்பி அனுப்பும் உத்தரவுக்கு எதிராகப் பொதுவாக மேல்முறையீடு கிடையாது. ஃபெடரல் அதிகாரிகள், சிவில் உரிமைகள் தொடர்பான சில வழக்குகள் விதிவிலக்கு.

ஃபெடரல் கோரிக்கையை வழக்குரையிலிருந்து நீக்கிவிட்டால் திரும்பிவிடுமா? அல்லது தொகையைக் குறைத்தால்?

முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. செல்லப் பிராணிகளுக்கான உணவு தொடர்பாக மிசௌரியில் தொடங்கிய ராயல் கேனின் வழக்கில், வாதி ஃபெடரல் கோரிக்கைகளை எல்லாம் நீக்கி வழக்குரையைத் திருத்தினார். மிச்சமிருக்கும் மாநிலக் கோரிக்கைகளை வைத்துக்கொள்ள ஃபெடரல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, வழக்கு திரும்பிப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வாதிகளுக்கு இது பெரிய ஆயுதம். 75,000 டாலரைப் பொறுத்தவரை 1938 முதல் நிலவும் விதியே நீடிக்கிறது: மாறிய பிறகு "எனக்கு 70,000 போதும்" என்று இறங்கிவந்தாலும் வழக்கு நகராது.

கம்பெனி மூலம் கிடைத்த மருத்துவக் காப்பீடு பணம் தர மறுத்துவிட்டது. மாநிலச் சட்டப்படிதான் வழக்குப் போட்டேன். அது எப்படி ஃபெடரல் ஆனது?

வழக்குரையில் இல்லாத ஃபெடரல் சட்டம் கணக்கில் வராது என்று மேலே சொன்னதற்கு இதுதான் முக்கிய விலக்கு. தனியார் நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் காப்பீடு, ஓய்வூதியத் திட்டங்களை எரிசா என்ற 1974-ஆம் ஆண்டு ஃபெடரல் சட்டம் ஆள்கிறது. அதன் கீழ் பலன் கேட்கும் கோரிக்கைக்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் அது ஃபெடரல் கோரிக்கைதான் என்று உச்ச நீதிமன்றம் 1987-இலும், மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்து 2004-இல் ஏட்னா வழக்கிலும் சொல்லியிருக்கிறது. காப்பீடு மறுக்கப்பட்டதால் வந்த துன்பத்துக்குத் தனியே இழப்பீடு கேட்கும் வழியையும் இந்தச் சட்டம் அடைத்துவிடுகிறது. நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் கொடுமையான பகுதி இது.

விவாகரத்து வழக்கையும், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கையும் மாற்றலாமா?

விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் வளர்வது ஆகியவற்றை ஃபெடரல் நீதிமன்றம் தொடாது. உயிலை மெய்ப்பிக்கும் வழக்கும் அப்படியே. காலி செய்யச் சொல்லும் வழக்கு மாநிலச் சட்டம் சார்ந்தது. நாள் கடத்துவதற்காக மாற்ற அறிவிப்புக் கொடுப்பவர்கள் உண்டு, நீதிபதிகளும் அதை அறிவார்கள். சில நாள் மிச்சமாகும். பிறகு எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழலாம்.

செய்தியில் வந்ததே, குற்ற வழக்கைக்கூட மாற்றக் கேட்டார்கள் என்று?

ஃபெடரல் அதிகாரிகளுக்கு, தங்கள் பணியின்போது செய்த செயலுக்காக மாநிலம் வழக்குத் தொடுத்தால், அந்த உரிமை உண்டு. 1880-இல் டென்னசி எதிர் டேவிஸ் வழக்கில், கள்ளச் சாராய வடிப்பைப் பிடிக்கப் போன இடத்தில் ஒருவரைச் சுட்டுக்கொன்ற வருவாய் அதிகாரியின் கொலை வழக்கையே மாற்றலாம் என்று தீர்ப்பானது. 2023-இல் ஜார்ஜியா தேர்தல் வழக்கில் அதிபரின் முன்னாள் தலைமை அலுவலர் மார்க் மெடோஸ் இதே வழியைக் கேட்டார். பதவியை விட்டுச் சென்றவருக்கு இச்சட்டம் பொருந்தாது என்று பதினோராவது சர்க்யூட் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2024-இல் அதை விசாரணைக்கே ஏற்கவில்லை. உங்கள் போக்குவரத்து அபராதச் சீட்டுக்கு இதில் வழியில்லை.

வழக்கறிஞர் இல்லாமல் நானே செய்யலாமா?

தனிநபர் செய்யலாம். நிறுவனம் என்றால், அது நீங்கள் ஒருவரே வைத்திருக்கும் எல்.எல்.சி.யாக இருந்தாலும், வழக்கறிஞர் வேண்டும்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிறகு சென்னைக்கே திரும்பிவிட்டேன். நியூ ஜெர்சியின் எடிசனில் விற்ற வீட்டுக்காக இப்போது வழக்கு. வெளிநாட்டில் இருப்பதால் மாற்றலாம்தானே?

கேட்டவர் நம்பவில்லை, ஆனால் பதில் "முடியாது". நீங்கள் அமெரிக்கக் குடிமகன் என்பதால் வெளிநாட்டவர் கணக்கில் வரமாட்டீர்கள், ஓ.சி.ஐ. அட்டை இந்தியக் குடியுரிமை ஆகாது. சென்னையிலேயே நிலையாக வசிப்பதால் எந்த அமெரிக்க மாநிலத்தவரும் அல்ல. இரண்டு பட்டியலிலும் பெயரில்லாதவருக்கு இந்த அடிப்படை கிடையாது என்று 1989-இல் நியூமன்-கிரீன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்தியப் பாஸ்போர்ட்டோடு பக்கத்துத் தெருவில் இருக்கும் உங்கள் தம்பி மீது, நியூ ஜெர்சிக்காரர் ஒருவர் அதே அளவு தொகைக்கு அதே வழக்கைப் போட்டிருந்தால் அவர் மாற்றியிருக்கலாம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருடம் மட்டும் வந்திருக்கிறேன், எடிசனுக்கே திரும்பப் போகிறேன் என்றால் சட்டப்படி நீங்கள் இன்னும் நியூ ஜெர்சிக்காரர். அப்படியானால் சொந்த மாநிலப் பிரதிவாதிக்கு உள்ள தடை வந்து நிற்கும். எப்படிப் பார்த்தாலும் வழக்கு நியூ பிரன்ஸ்விக்கில்தான் நடக்கப் போகிறது. மாற்றுவதைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, பதில் தாக்கல் செய்யும் கெடு என்றைக்கு என்று முதலில் சம்மனைப் பாருங்கள்.